பிழை என்று எறிந்த நிமிடங்கள்

மதாம் மர்கரீத்தின் வீட்டுக் கதவைச் சாத்தும்போது சுலோசனாவின் போன் செம்மஞ்சள் நிறத்தில் மினுங்கியது. உள்ளே போனது எட்டு மணி. வெளியே வந்தது எட்டு நாற்பத்திநாலு. அந்த வீட்டுக்கு அவளுக்குக் குறித்துக் கொடுத்திருந்த நேரம் முப்பது நிமிடம்.

மூன்று மாதத்துக்கு முன்பென்றால் வாசலிலேயே நின்று அந்த நிறத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்திருப்பாள். இன்று போனைக் கைப்பைக்குள் போட்டுவிட்டு ஐந்தாம் மாடியிலிருந்து படியால் இறங்கத் தொடங்கினாள். லிப்ட் பத்து நாளாக ஓடவில்லை. இரண்டாம் மாடிக்கு வரும்போதுதான் தான் வாய்க்குள் பாடிக்கொண்டு இறங்குவது அவளுக்கே தெரிந்தது.

பின்னேரம் நாலு மணிக்குக் கூட்டம். அவள் வேலை செய்யும் வீட்டுப் பராமரிப்பு நிறுவனமான ஏஜென்ஸின் இயக்குநர் நிக்கோலா, அவளையும் சேர்த்துப் பதினேழு பெண்கள் சொல்வதைக் கேட்கச் சம்மதித்திருந்தார்.

முன்கதை தெரியாமல் இந்த வாரம்தான் வந்து சேர்ந்தவர்களும் இருப்பார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போய்விட்டு வரலாம்.

சுலோசனாவுக்கு நாற்பத்தைந்து வயது. பாரிசுக்குப் பக்கத்தில் திரான்சியில் வீடு. ஏழு வருடமாகத் தனியாக இருக்கும் வயோதிபர்களின் வீடுகளுக்குப் போய்க் குளிக்க வார்த்து, காலைச் சாப்பாடு கொடுத்து, மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலை. போன வருடம் அந்த ஏஜென்ஸுக்கு ஒரு புதிய கணினி நிரல் வந்தது. ஒவ்வொரு வீட்டுக் கதவின் உட்பக்கத்திலும் ஒரு சதுரக் குறி ஒட்டினார்கள். வரும்போது ஒரு தரம், போகும்போது ஒரு தரம் அதைப் போனால் படம் பிடிக்க வேண்டும். நிரல் எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து ஒவ்வொருத்திக்கும் ‘நம்பிக்கைப் புள்ளி’ போட்டது. நல்லவர்களுக்குப் பச்சை, நடுவில் செம்மஞ்சள், அதற்குக் கீழே சிவப்பு.

வருகிற செப்டம்பர் தொடக்கம் பச்சையில் இல்லாதவர்களுக்கு நிரந்தர வீடுகள் கிடையாது என்று கடிதம் வந்தது. எந்த நாள் எந்த மூலையில் ஆள் குறைகிறதோ அங்கே ஓட வேண்டும். ஏழு வருடத்தில் ஒரு நாள்கூடச் சொல்லாமல் வேலைக்கு வராமல் நின்றிராத சுலோசனா, செம்மஞ்சளில் இருந்து சிவப்புக்குச் சறுக்கிக்கொண்டிருந்தாள்.

அதற்குக் காரணமான கையை அவள் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே கண்டுபிடித்தாள்.

தம்பி தனூஜனின் மனைவி பிரவீணா கோயம்புத்தூர்ப் பெண். பாரிசுக்குப் படிக்க வந்து, தரவுகளை ஆராயும் கம்பனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தவள். கெட்டிக்காரி. இரண்டு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிறு மத்தியானம், அந்த நிரலைச் செய்தது தன் கம்பனிதான் என்று அவள் சோற்றுக் கோப்பையைப் பார்த்தபடியே சொன்னாள். வேலையில் சேர்ந்த புதிதில் அவளிடம் கொடுத்த முதல் வேலை, பழைய பதிவுகளைச் சுத்தம் செய்வது. குறித்த நேரத்துக்கு மேல் பத்து நிமிடம் கூடப் போயிருந்தால், போகும்போது படம் பிடிக்க மறந்துபோயிருக்கிறார்கள், அது பிழையான பதிவு, எறிந்துவிடலாம் என்று அவள்தான் ஒரு விதி எழுதினாள். எறியப்பட்ட பதிவுகள் கூடக் கூட, ஒழுங்காகப் பதியாதவள் என்று புள்ளி குறைந்துகொண்டே போகும். அந்தப் பகுதியை அவளுக்குப் பின் வேறு யாரோ சேர்த்திருந்தார்கள்.

ஆக, மதாம் மர்கரீத்துக்குச் சூப்பை இரண்டாம் தரம் சூடாக்கிக் கொடுத்த நிமிடமும், காலுறை தேடிய நிமிடமும், படியேறி மூச்சு வாங்கிய நிமிடமும் எல்லாமே பிழை.

அதற்குப் பிறகு இரண்டு ஞாயிறு சுலோசனா அவர்களைச் சாப்பிடக் கூப்பிடவில்லை. மூன்றாவது கிழமை, சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு, பிரவீணா தனியாகத் திரான்சிக்கு வந்து கதவைத் தட்டினாள். இன்றைக்கு உங்களோடு எல்லா வீட்டுக்கும் நானும் வரலாமா என்று கேட்டாள். அந்தந்த வீட்டுக்காரரிடம் கேட்டு, வேண்டாமென்ற இடத்தில் வாசலில் நின்று, பின்னேரம்வரை கூடவே நடந்தாள். கடைசிக் கட்டிடத்தின் கீழ்ப்படியில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றியபடி, "ஒரு படிக்கட்டக்கூடப் பாக்காமத்தான் அந்த விதிய எழுதினேன் அண்ணி" என்றாள்.

மன்னிப்பு என்ற சொல்லை இருவருமே பாவிக்கவில்லை. அடுத்த ஞாயிறு சாப்பாடு இருந்தது. அவ்வளவுதான்.

நிரல் எறிந்த நிமிடங்களைப் பொட்டு ஒட்டிக் காட்டும் யோசனை யாருடையது என்று இன்றுவரை ஒரு முடிவும் இல்லை. சுலோசனா பிரவீணாவினுடையது என்பாள், பிரவீணா பியட்றிஸ் அக்காவினுடையது என்பாள். பியட்றிஸ் புதுச்சேரிக்காரி, அவர்களோடு வேலை செய்பவள், பணியாளர் பிரதிநிதியாக எல்லாரும் வாக்குப் போட்டுத் தெரிவுசெய்தவள். ஒரு பெரிய வெள்ளைத் துணியில் பதினேழு பேருக்குப் பதினேழு வரிசை. நாலு கிழமை. அந்த ஒரு மாதமும், குறித்த நேரத்துக்கு மேல் ஏன் நின்றோம் என்பதற்கு ஒவ்வொரு நாளும் பொட்டு ஒட்ட வேண்டும். லிப்ட் இல்லாமல் படியேறினால் பெரிய சிவப்பு. மருந்துக்கடையில் காத்து நின்றால் சின்னக் கறுப்பு. கரண்டியால் மெல்ல மெல்லச் சாப்பாடு தீத்தினால் பச்சை. கதைத்துக்கொண்டிருந்தால் கல் வைத்த பொட்டு.

கல் வைத்த பொட்டு இரண்டாம் கிழமையே முடிந்துவிட்டது. கடைக்காரர் நாலு பெட்டி எடுத்துக் கொடுத்துவிட்டு, ஆருக்குக் கலியாணம் என்று விசாரித்தார்.

பதினொன்றரைக்குச் சுலோசனா பாரிசின் ரூ லூயி-பிளாங் தெருவில் இருந்த ஒரு தமிழ் உணவகத்தின் பின்னறைக்குள் நுழைந்தாள். பிறந்தநாள் விழாக்களுக்கு வாடகைக்கு விடும் அறை. பகலில் சும்மா கிடப்பதால் முதலாளி திறந்து கொடுத்திருந்தார். வேலை இடைவெளியில் வந்த பத்துப் பெண்கள் கதிரைகளில் இருந்தார்கள். சுவரில் துணி தொங்கியது. யன்னல் வெளிச்சம் பட்டு ஆயிரக்கணக்கான பொட்டுகள் மின்னின. வாசலில் ஒரு நிமிடம் நின்று அதைப் பார்த்தாள். நாலு கிழமையும் தன் வரிசையை மட்டும்தான் பார்த்திருந்தாள். இன்று முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசைவரை சிரித்தபடி விரலால் தடவிக்கொண்டு நடந்தாள்.

பிரவீணா மடிக்கணினியோடு ஓடி வந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது, முகம் மட்டும் பிரகாசம். துணியிலிருந்த எல்லாவற்றையும் அட்டவணையாக்கி, படமும் போட்டிருந்தாள். பதினேழு பேர் சேர்ந்து நாலு கிழமையில் அதிகமாகக் கொடுத்த நேரத்தில் பாதிக்கு மேல் கல் வைத்த பொட்டு. சுலோசனா பிரவீணாவின் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"இன்னும் ஒண்ணு இருக்குங்க அண்ணி" என்று பிரவீணா அடுத்த பக்கத்தைத் திறந்தாள். நாலு கிழமையும் பெண்கள் அவளுக்குப் போனில் குரலாக அனுப்பிய செய்திகளை எல்லாம் கேட்டு எழுதியிருந்தாள். யார், எந்த வீடு, எந்த நாள், என்ன நடந்தது.

சுலோசனா தன் பெயரைத் தேடிப் பிடித்து வாசித்தாள். ‘மர்கரீத், 88 வயது, ஐந்தாம் மாடி. மே 14: குளியலறையில் வழுக்கி விழுந்தார். யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று அழுதார்.’

அவள் பிடித்திருந்த கையை விட்டாள்.

"இதை ஏன் போட்டனீர்?"

"ஆதாரம் வேணும்ல அண்ணி. வெறும் பொட்ட மட்டும் காட்டினா, உக்காந்து ஒட்டிட்டு வந்துட்டாங்கன்னு சொல்லிடுவாங்க."

"அவ அதை எனக்குச் சொன்னவ, பிரவீணா. ஏஜென்ஸுக்குச் சொல்லேல்லை. மகன் அறிஞ்சால் முதியோர் இல்லத்திலை கொண்டுபோய் விட்டிடுவான் எண்ட பயத்திலை அழுதவ. நான் உமக்குச் சொன்னது, ஏன் பிந்தினனான் எண்டு விளங்கத்தான்."

பேரை எடுத்துவிட்டு ஒரு எழுத்துப் போடுகிறேன் என்றாள் பிரவீணா. எண்பத்தெட்டு வயது, ஐந்தாம் மாடி, லிப்ட் பழுது, இவ்வளவும் இருந்தால் நிக்கோலாவுக்கு ஆளைப் பிடிக்க ஒரு நிமிடம் காணும் என்றாள் சுலோசனா. சரி, அப்படியானால் இந்த ஒரு வரியை மட்டும் எடுத்துவிடலாமா என்று பிரவீணா கேட்டாள். மற்ற வரிகளில் இருப்பவர்கள் மட்டும் என்ன மரக்கட்டையா என்று சுலோசனா கேட்டாள். பிரவீணாவின் குரலும் உயர்ந்தது. மூன்று இரவு நித்திரை இல்லாமல் எழுதினேன், எல்லாம் உங்களுக்காகத்தானே என்றாள்.

பத்துப் பெண்களும் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சுலோசனா குரலைத் தாழ்த்தினாள். "எங்களைக் கேக்காமல் எங்களைப் பற்றி எழுதிப்போட்டினம் எண்டுதானே இவ்வளவு நாளும் நாங்கள் கத்தினனாங்கள். இதிலை இருக்கிற சனத்தை ஆர் கேட்டது?"

பிரவீணா திரையைப் பார்த்தாள். சுவரில் தொங்கிய துணியைப் பார்த்தாள். பிறகு மெல்ல ஒரு கதிரையை இழுத்து உட்கார்ந்தாள். அவள் அழப்போகிறாள் என்று சுலோசனா பயந்தாள். அவள் அழவில்லை.

"திரும்பவும் அதையேதான் பண்ணிருக்கேன்ல" என்றாள். "நல்லது பண்றோம்னு நெனச்சுட்டா கேக்கணும்னே தோணறதில்ல அண்ணி."

பியட்றிஸ்தான் கடிகாரத்தைப் பார்த்தாள். "அலோர், சரி, இன்னும் நாலு மணி நேரம் இருக்கு. இப்போ கேட்டுடுவோம். ஒருத்தர் விடாம."

அடுத்த இரண்டு மணித்தியாலமும் அந்த அறை கலியாண வீடு போல இரைந்தது. பிரவீணா ஒவ்வொரு வரியையும் வாசித்தாள். அதற்குரிய பெண் இருக்கட்டும் என்றாளோ எடு என்றாளோ அப்படியே செய்தாள். வயோதிபர்களின் நோய், விழுந்தது, எழும்பினது, பிள்ளைகளோடு சண்டை, வீட்டு இலக்கம் எல்லாம் போயின. எஞ்சியது, எந்த வகை வேலை, எத்தனை நிமிடம். அது போதும் என்று பிரவீணாவே சொன்னாள். வராத ஆறு பேரைப் போனில் பிடித்தார்கள். ஒருத்தி பஸ்ஸுக்குள் இருந்தபடி தன் வரிசையில் ஒன்று குறைகிறது என்று சண்டை பிடித்தாள். அவள் போகும் வீட்டுக் கிழவருடைய நாயை அவள்தான் தினமும் கீழே கூட்டிக்கொண்டு போகிறாளாம், அதற்கு ஏன் ஒரு பொட்டு நிறமும் இல்லை என்று கேட்டாள். நாய்க்கு ஒரு மஞ்சள் பொட்டு அந்த இடத்திலேயே உருவானது.

சுலோசனா வெளியே நடைபாதைக்கு வந்து மதாம் மர்கரீத்துக்குப் போன் எடுத்தாள். எழுதியிருந்ததை ஒன்றும் மறைக்காமல் அப்படியே பிரெஞ்சில் சொன்னாள். வழுக்கி விழுந்ததையும் அழுததையும் சேர்த்து. தன்னை மன்னிக்க வேண்டும், அது அழிக்கப்பட்டுவிட்டது என்றாள்.

மேம்பாலத்தில் மெத்ரோ ரயில் ஒன்று கடந்து போனது. இந்தப் பெண் இனி என் வீட்டுக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று நினைத்தபடி சுலோசனா போனைக் காதோடு அழுத்திப் பிடித்தாள்.

மதாம் கேட்ட முதல் கேள்வி, தன் பெயரையும் அழித்துவிட்டார்களா என்பது. ஓம் என்றாள் சுலோசனா. அது ஏன் என்று கேட்டார் மதாம். குளியலறையை எடுத்தது சரி, அது தன்னுடைய விசயம். ஆனால் பெயரைப் போட வேண்டும், முழுப் பெயராக. தான் முப்பத்திநாலு வருடம் தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுக்கும் வேலை செய்தவள் என்றார். ஒரு அழைப்புக்கு எத்தனை வினாடி என்று முதுகுக்குப் பின்னால் நின்று எண்ணினார்களாம். அழைத்தவர் எதற்காக அழைத்தார் என்று ஒருவரும் கேட்டதில்லையாம்.

"இன்னொன்றும் எழுதுங்கள் சுலோசனா. வெள்ளிக்கிழமைகளில் பத்து நிமிடம் சீட்டு விளையாடுகிறோம். நான்தான் வெல்கிறேன் என்றும் எழுதுங்கள்."

சீட்டு விளையாட்டை எழுதினால் வேலையே போய்விடும் என்று சுலோசனா தயங்கினாள். மதாம் கேட்கவில்லை. தன்னைப் பற்றி என்ன எழுதுவது என்று தீர்மானிப்பது தானா ஏஜென்ஸா என்று கேட்டார். சுலோசனா உள்ளே போய்ச் சொன்னாள். பிரவீணா சிரித்துக்கொண்டே தட்டினாள்: மர்கரீத், முழுப் பெயர், வெள்ளி, சீட்டு, பத்து நிமிடம், வென்றவர் அவரே.

மூன்றரைக்குத் துணியைச் சுருட்டி நாலு பேர் தோளில் வைத்துக்கொண்டு கால்வாய்ப் பக்கம் இருந்த ஏஜென்ஸுக்கு நடந்தார்கள். போன் கடைகளின் வாசலில் நின்றவர்கள் வழி விட்டார்கள். தோளில் கனம் இருந்தும் சுலோசனாவுக்கு நடை துள்ளியது.

நிக்கோலா கெட்ட மனிதர் இல்லை. நாற்பது வயதுக்குள் தலை நரைத்தவர், எப்போதும் நித்திரை குறைந்த முகம். பக்கத்தில் மெலானி உட்கார்ந்திருந்தாள். பெண்களுக்கு நேர அட்டவணை போடுபவள் அவள். பியட்றிஸ் ஆரம்பித்து வைத்தாள். நிக்கோலா பொறுமையாகக் கேட்டுவிட்டு, அந்த நிரல் யாருடைய முகத்தையும் பார்ப்பதில்லை, எல்லாரையும் ஒரே மாதிரித்தான் அளக்கிறது, அதனால்தான் அதை வாங்கினோம் என்றார்.

பிரவீணா எழுந்தாள். சுலோசனா ஒரு கதிரையை அவளுக்கு முன்னால் நகர்த்திவிட்டாள். கதிரையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொள்ளும் என்று தமிழில் மெல்லச் சொன்னாள்.

தான் யார், எந்தக் கம்பனியில் வேலை செய்கிறேன் என்று பிரவீணா முதலில் சொன்னாள். நிக்கோலா நிமிர்ந்து உட்கார்ந்தார். கம்பனியின் சார்பில் பேசவில்லை, கம்பனியின் இரகசியம் எதையும் சொல்லப் போவதுமில்லை, தான் எழுதிய ஒரே ஒரு விதியைப் பற்றி மட்டும் பேசுகிறேன் என்றாள். அந்த விதியைச் சின்னப் பிள்ளைக்கும் விளங்கும்படி சொன்னாள். பிறகு, "பிழை என்று நான் எறிந்தேன். என்ன எறிகிறேன் என்று பார்க்காமல் எறிந்தேன். இதுதான் நான் எறிந்தது" என்று சொல்லித் துணியை விரிக்கச் சைகை காட்டினாள்.

துணி மேசையை மூடி இரு பக்கமும் வழிந்தது. மெலானி எழுந்து நின்று குனிந்து பார்த்தாள்.

உங்கள் பட்டியலில் பச்சையில் இருப்பவர்கள் எத்தனை பேர் என்று பிரவீணா கேட்டாள். நிக்கோலா திரையில் பார்த்து ஒன்பது என்றார். அதில் ஆண்கள் எத்தனை? அவர் எண்ணினார். ஏழு. ஏஜென்ஸில் அறுபது பேர் வேலை செய்கிறார்கள், அதில் ஆண்கள் எட்டே பேர். கடைக்குப் போய்ச் சாமான் வாங்கிக் கொடுப்பது, பழுது பார்ப்பது அவர்கள் வேலை. பையை வைத்துவிட்டு நேரத்துக்கு வெளியே வந்துவிடலாம். அவர்களில் ஒரு குறையும் இல்லை என்றாள் பிரவீணா. ஆணா பெண்ணா என்று நிரல் கேட்கவே இல்லை, கேட்காமலே பிரித்துவிட்டது என்றாள்.

நிக்கோலா ஒரு கல் பொட்டின் மேல் விரலை வைத்தார். இது என்ன, எல்லா வரிசையிலும் இருக்கிறதே என்றார்.

"கதை" என்று சுலோசனா தன்னை அறியாமல் தமிழில் சொன்னாள். பிறகு பிரெஞ்சில் சொன்னாள். அந்த நாளில் அவர்களோடு பேசுகிற ஒரே ஆள் தாங்கள்தான் என்றாள். கேட்டுக்கொண்டிருக்கும்போதுதான் மருந்து விழுங்கினார்களா, கால் வீங்கியிருக்கிறதா, நேற்றைய சாப்பாடு அப்படியே இருக்கிறதா என்று தெரிய வரும் என்றாள்.

மனதுக்குப் புரிகிறது, ஆனால் அதை வேலை என்று எப்படிக் கணக்கில் எடுப்பது என்று அவர் கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்டார்.

சுலோசனா எழுந்து போனாள். வரவேற்பு மேசையில் அடுக்கியிருந்த ஏஜென்ஸின் விளம்பரத் தாள் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து அவர் முன்னால் வைத்தாள். முதல் வரியைச் சத்தமாக வாசித்தாள். ‘உங்கள் பெற்றோரை ஒருபோதும் தனிமையில் விடமாட்டோம்.’

"இதைத்தான் நீங்கள் விற்கிறீர்கள், மிசியே. இதைத்தான் நாங்கள் செய்கிறோம். உங்கள் நிரல் இதைத்தான் எறிகிறது."

மெலானிக்கு முதலில் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு சிரிப்பை விட்டுவிட்டுப் பேசத் தொடங்கினாள். எட்டு மாதமாக ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நிரல் போட்டுக் கொடுக்கும் அட்டவணையைத் தான் கையால் மாற்றிக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். அதே பெண்ணை அனுப்பு என்று வயோதிபர்கள் அழைத்துக் கேட்கிறார்களாம். அதிகமாகக் கேட்கப்படுகிற பெயர்கள் எல்லாம் சிவப்பிலும் செம்மஞ்சளிலும் இருக்கிற பெயர்கள்தானாம்.

நிக்கோலா அவளை நோக்கித் திரும்பினார். இதை ஏன் இதுவரை சொல்லவில்லை என்று கேட்டார். நீங்கள் என்னிடம் கேட்கவில்லையே என்றாள் மெலானி.

நிக்கோலா விளம்பரத் தாளைக் கவிழ்த்து வைத்தார். ஒப்பந்தம் இருக்கிறது, மேலிடம் இருக்கிறது என்று தொடங்கினார். பியட்றிஸ் பேனையை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினாள். அடுத்த முக்கால் மணித்தியாலம் ஒவ்வொரு சொல்லாக இழுபறிப்பட்டது. கடைசியில் ஐந்து இருபதுக்கு அவர் கையெழுத்துப் போட்ட தாளில் மூன்று விசயங்கள் இருந்தன. செப்டம்பரில் வீடுகளைப் பிரிப்பதற்கு அந்தப் புள்ளி பாவிக்கப்படாது. எதை எண்ணுவது, எதை எண்ணாமல் விடுவது என்று ஆறு பேர் கொண்ட குழு மூன்று மாதத்துக்குள் சொல்லும், அதில் நாலு பேர் வீடுகளுக்குப் போகிற பெண்கள். மூன்றாவதைச் சுலோசனா விடாப்பிடியாகப் போட வைத்தாள்: எந்த வயோதிபரைப் பற்றியும் அவரைக் கேட்காமல் ஒன்றும் எழுதப்படாது.

கூட்டம் முடிந்து எழும்பும்போது நிக்கோலா பிரவீணாவின் அட்டவணையைக் கையில் வைத்தபடி துணிக்கு அருகில் தயங்கி நின்றார். வெள்ளிக்கிழமைச் சீட்டில் நீங்கள் ஒருமுறைகூட வென்றதில்லையா என்று சுலோசனாவைக் கேட்டார்.

"நான் விட்டுக்கொடுக்கிறேன் என்றுதான் ஏழு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன்" என்றாள் சுலோசனா. "இப்போது சந்தேகமாக இருக்கிறது."

ஆறரை மணிக்கு அதே உணவகம் நிறைந்துவிட்டது. சுருட்டிய துணி சுலோசனாவின் கதிரைக்குப் பின்னால் சாய்ந்திருந்தது. வெளியே யூன் மாதத்து வெயில் இன்னும் மத்தியானம் போல அடித்துக்கொண்டிருந்தது. பதினேழு பேரில் பதினைந்து பேர் வந்துவிட்டார்கள். கொத்துரொட்டி அடிக்கும் சத்தத்தில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கவில்லை, ஆனாலும் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். நாய்க்காரி, தன் மஞ்சள் பொட்டை நிக்கோலா பார்த்தாரா என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். குழுவுக்கு முதல் பெயராகச் சுலோசனாவின் பெயரை யாரோ சொன்னார்கள். பதினைந்து கையும் உயர்ந்தன.

பஸ் ஓட்டும் உடுப்புடனேயே தனூஜன் வந்தான். அக்காவுக்கும் மனைவிக்கும் நடுவில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தான். இரண்டு ஞாயிறு தான் பட்டினி கிடந்ததையும் அந்தத் துணியில் ஒரு பொட்டாகப் போட்டிருக்கலாம் என்றான். நீ கடையில் வாங்கிச் சாப்பிட்டது எனக்குத் தெரியும் என்றாள் சுலோசனா. பிரவீணா சிரித்ததில் புரையேறியது. அவளுடைய தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தாள் சுலோசனா. இந்தப் பெண் கதிரையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, நான்தான் எறிந்தேன் என்று சொன்னது அவள் கண்ணுக்குள் அப்படியே நின்றது. தன் தம்பி பெரிய கெட்டிக்காரன் இல்லை, ஆனால் கலியாண விசயத்தில் மட்டும் சரியாக நடந்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் பிரவீணாவின் போன் அதிர்ந்தது.

அவள் பார்த்துவிட்டு மேசையில் குப்புற வைத்தாள். திரும்ப எடுத்தாள். சிரிப்பு முகத்திலிருந்து மெல்ல இறங்கியது.

அலெக்சிஸ் என்றாள். கம்பனியில் அவளுடைய பிரிவின் தலைவர். நிக்கோலா ஏற்கெனவே அவருக்குப் போன் எடுத்திருக்கிறார். திங்கட்கிழமை பத்து மணிக்கு வர வேண்டும், சட்டப் பிரிவிலிருந்தும் ஒருவர் இருப்பார் என்று எழுதியிருந்தது. அதே நிரலை இன்னும் இருபத்திரண்டு ஏஜென்ஸுகள் பாவிக்கின்றன என்பதைப் பிரவீணா அப்போதுதான் தனூஜனிடம் சொன்னாள்.

தனூஜன் கரண்டியை வைத்துவிட்டான். வேலை போகுமா என்று கேட்டான். தெரியவில்லை என்றாள். அந்த விதியை எழுதினதுக்குப் போகலாம், அதைச் சொன்னதுக்கும் போகலாம் என்றாள். வருத்தமாக இருக்கிறதா என்று அவன் கேட்க, சற்று யோசித்துவிட்டு இல்லை என்று தலையாட்டினாள்.

சுலோசனா கொத்துரொட்டியை அவள் பக்கம் தள்ளி வைத்தாள். "திங்கள் எனக்குப் பின்னேரம்தான் வேலை. நானும் வாறன்."

"உங்கள உள்ள விட மாட்டாங்க அண்ணி."

"வாசல்லை நிக்கிறன். முன்னாலை ஒரு கபே இருக்காமலே போகும்? நீர் கதைச்சு முடிச்சிட்டு வாரும். வந்ததும் ஆரும் பக்கத்திலை இருக்கவேணும்."

பிரவீணா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். போன் மறுபடி அதிர்ந்தது. இந்தத் தடவை இரண்டு தரம் வாசித்தாள். போனைச் சுலோசனாவிடம் நீட்டினாள்.

அலெக்சிஸிடமிருந்து ஒரே ஒரு வரி. அந்தத் துணியை வைத்திருக்கும் பெண்மணியையும் கூட்டிக்கொண்டு வர முடியுமா?

ஏன் கேட்கிறார் என்று அதில் இல்லை. நல்லதுக்கா கெட்டதுக்கா என்று மூவரும் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் பெண்கள் ஏதோ சொல்லிப் பெரிதாகச் சிரித்தார்கள்.

சுலோசனா போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தட்டில் மிச்சமிருந்ததை மூன்று பங்காகப் பிரித்தாள்.

"அப்ப பரவாயில்லை" என்றாள். "உள்ளுக்கையே கோப்பி தருவினம்."